பாலைவனத்து டைரக்டர்கள்

காமர்ஸ் படிக்கிற யாரிடமாவது டைரக்டர் என்றால் யார் என்று கேட்டுப் பாருங்கள். கோட்டு சூட்டு, நீளமான மேசை, ஏசி அறை, வருஷத்துக்கு நாலு மீட்டிங்... இப்படித்தான் மனசுக்குள் ஒரு படம் ஓடும். ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில், பாலைவனத்தில், ஒரு நிறுவனம் இருக்கிறது. அதன் டைரக்டர்கள் அத்தனை பேரும் பெண்கள். அத்தனை பேரும் பூர்வகுடிகள். பலர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழியோ மூன்றாவது மொழியோதான். அவர்கள் தங்கள் மொழியில் பேசுவார்கள், மொழிபெயர்ப்பாளர்கள் அதை மற்றவர்களுக்குச் சொல்வார்கள். பெரிய கூட்டங்கள் பல சமயம் வெட்டவெளியில், சிவப்பு மண்ணில் உட்கார்ந்தே நடக்கும். பல நூறு கிலோமீட்டர் மண்சாலையில் வண்டி ஓட்டி வந்து, அங்கேயே படுத்து எழுந்து, பேசி முடித்துவிட்டுத்தான் போவார்கள்.

அந்த நிறுவனத்தின் பெயர் கொஞ்சம் வாய்க்குள் நுழையாது. ஙானியாட்ஜாரா பிட்ஜன்ட்ஜாரா யாங்குனிட்ஜட்ஜாரா மகளிர் கவுன்சில். சுருக்கமாக என்பிஒய் மகளிர் கவுன்சில். மூன்றும் மூன்று மொழிக் குழுக்களின் பெயர்கள். நம் எழுத்து வரிசையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் 'ங'வுக்கு அங்கே ஒரு ஜனத்தின் பெயரையே தொடங்கி வைக்கிற வேலை! இன்னொரு வேடிக்கை, அந்த மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் சொல் 'அணங்கு'. அவர்கள் மொழியில் மனிதர் என்று பொருள். தமிழ் அணங்குக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, உடனே குமரிக்கண்டம் என்று கிளம்பிவிட வேண்டாம் :-)

எவ்வளவு பெரிய இடம்?

இவர்கள் வேலை செய்கிற பரப்பு சுமார் 3,50,000 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட ஜெர்மனி அளவு. அதில் இருக்கிற அணங்கு மக்கள் சுமார் 6,000 பேர். வகுத்துப் பார்த்தால் ஒரு ஆளுக்கு 58 சதுர கிலோமீட்டர்! இந்த நிலம் மேற்கு ஆஸ்திரேலியா, தெற்கு ஆஸ்திரேலியா, வட பிரதேசம் என்று மூன்று நிர்வாகங்களின் மூலைகள் சந்திக்கிற இடத்தில் இருக்கிறது. டூரிஸ்ட் போஸ்டர்களில் வருகிற அந்தப் பெரிய சிவப்புப் பாறை, உலூரு, இதற்குள்தான் வருகிறது.

நிலத்தின் மீது கோடு போட்டவர்கள் எங்கேயோ கடற்கரை நகரங்களில் இருந்தவர்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை. அக்காவுக்கு ஒரு சட்டம், தங்கைக்கு இன்னொரு சட்டம். இந்தக் கோடுகள் என்னென்ன கூத்து பண்ணின என்பது பின்னால் வருகிறது.

கேட்காமல் விட்டதில் பிறந்த கவுன்சில்

1970களின் பிற்பகுதி. தெற்கு ஆஸ்திரேலியாவில் பிட்ஜன்ட்ஜாரா மக்கள் தங்கள் நிலத்தைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோரிக்கை நியாயமானது, போராட்டமும் பெரியது. 1981இல் சட்டம் வந்தது. 1,00,000 சதுர கிலோமீட்டருக்கும் மேலான நிலம், விற்கவோ பிடுங்கவோ முடியாத சொத்தாக, அவர்களுக்கே திரும்ப வந்தது.

ஆனால் அந்தப் பேச்சுவார்த்தைகளில் ஒரு பிரச்சினை இருந்தது. வக்கீல்களும் அதிகாரிகளும் வந்தார்கள், ஆண்களைப் பார்த்துப் பேசினார்கள், குறித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சமூகத்தில் பெண்களுக்கென்றே தனி நிலங்கள், தனிச் சடங்குகள், தனிப் பொறுப்புகள் உண்டு. அதைப் பற்றி ஆண்கள் பேசவே கூடாது. அப்படியிருக்க, பெண்களைக் கேட்காமல் நிலத்தைப் பற்றி எப்படி முடிவெடுப்பது? இந்தக் கேள்வியில்தான் 1980இல் மகளிர் கவுன்சில் பிறந்தது. யாரோ ஒரு தொண்டு நிறுவனம் வந்து 'பெண்கள் முன்னேற்றத் திட்டம்' என்று பேனர் கட்டித் திறந்து வைத்தது அல்ல. எங்களையும் கேளுங்கள் என்று அவர்களே கூடிப் பேசித் தொடங்கியது. 1994இல் தனி அமைப்பாகப் பதிவு செய்துகொண்டார்கள்.

இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு அவர்கள் செய்த எல்லாமே இதிலிருந்து வந்ததுதான்.

பெட்ரோல்

அந்தப் பாலைவனக் கிராமங்களை உள்ளேயிருந்து அரித்த ஒரு பழக்கம், பெட்ரோலை முகர்வது. பழைய தகர டப்பாவிலோ பிளாஸ்டிக் பாட்டிலிலோ கொஞ்சம் பெட்ரோல், அதை முகத்தருகே வைத்துக்கொண்டே நடப்பது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்கூட. பெட்ரோலில் இருக்கும் அரோமாட்டிக் வேதிப்பொருட்கள்தான் போதை தருகின்றன. அவையேதான் மூளையையும் அழிக்கின்றன. செத்தவர்கள் ஒருபுறம். சாகாமல், நடக்க முடியாமல், பேச முடியாமல் சக்கர நாற்காலிக்குப் போனவர்கள் இன்னொரு புறம். அவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியவர்கள் யார்? அம்மாக்களும் பாட்டிகளும்தான். அதாவது மகளிர் கவுன்சிலின் உறுப்பினர்கள்.

வெளியிலிருந்து பார்த்தவர்கள் சொன்ன தீர்வுகள் தெரிந்தவைதான். போலீஸ், ஜெயில், அறிவுரை, விழிப்புணர்வுப் போஸ்டர். 2002இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் மரண விசாரணை அதிகாரி மூன்று இளைஞர்களின் சாவை விசாரித்தார். 2005இல் வட பிரதேசத்திலும் அப்படி ஒரு விசாரணை, உலூருவுக்குப் பக்கத்துக் கிராமமான முட்டிட்ஜுலுவில் நடந்தது. ரிப்போர்ட்டுகள் குவிந்தன.

2005இல் பிபி நிறுவனம் ஓப்பல் என்ற பெட்ரோலைக் கொண்டுவந்தது. சாதாரண அன்லெடட் பெட்ரோலில் அரோமாட்டிக் பொருட்கள் சுமார் 25 சதவீதம் என்றால் ஓப்பலில் சுமார் 5 சதவீதம்தான். வண்டி ஓடும், முகர்ந்தால் போதை ஏறாது. தயாரிப்புச் செலவு கூடுதல், அந்த வித்தியாசத்தை அரசு மானியமாகக் கொடுத்தது.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. முதலில் ஓப்பல் கிராமங்களுக்கு மட்டும்தான் போனது. நூறு கிலோமீட்டர் தள்ளி நெடுஞ்சாலை பங்கில் பழைய பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தது. ஓப்பல் போட்டால் இன்ஜின் போய்விடும் என்ற வதந்தி வேறு. இங்கேதான் மகளிர் கவுன்சில் செய்ததை காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க வேண்டும். அழுது கேட்டால் இரக்கப்படுவார்கள், காசு தரமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மத்திய ஆஸ்திரேலியாவில் இளைஞர்களுக்காக வேலை செய்யும் கேய்லஸ் என்ற சேவை அமைப்போடும், அப்போது உலூரு சுற்றுலா விடுதியை வைத்திருந்த ஜிபிடி நிறுவனத்தோடும் கூட்டணி போட்டார்கள். ஆக்சஸ் எக்கனாமிக்ஸ் என்ற பொருளாதார ஆலோசனை நிறுவனத்திடம் செலவு-பயன் ஆய்வு செய்யச் சொன்னார்கள். 2006இல் வந்த அந்த அறிக்கை, பெட்ரோல் முகர்தலால் ஆகும் இழப்பு ஆண்டுக்குச் சுமார் 79 மில்லியன் டாலர் என்று கணக்குப் போட்டது. மருத்துவம், ஊனமுற்றோர் பராமரிப்பு, போலீஸ், கோர்ட், ஜெயில், இழந்த உயிர்கள் எல்லாம் சேர்த்து. பகுதி முழுக்க ஓப்பல் கொடுப்பதற்கு ஆகும் செலவைவிடக் கிடைக்கும் பயன் அதிகம் என்றும் சொன்னது.

பாட்டிமார் கண்ணீர் பல வருஷமாகச் செய்யாததை ஒரு காஸ்ட்-பெனிஃபிட் அறிக்கை செய்ய உதவியது. இது சந்தோஷப்பட வேண்டிய விஷயமா, வெட்கப்பட வேண்டிய விஷயமா என்பதை அவரவர் முடிவுக்கு விட்டுவிடலாம். ஓப்பல் அலைஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துப் பங்குகளுக்கும் போனது. விற்க மறுத்த சில பங்குகளையும் விடவில்லை. செனட் விசாரணைகள் நடந்து, கடைசியில் 2013இல் குறைந்த அரோமாட்டிக் எரிபொருளுக்கென்றே ஒரு மத்தியச் சட்டம் வந்தது.

பலன்? ஒப்பிட்டுப் பார்க்கத் தகவல் இருந்த கிராமங்களில், ஓப்பல் வந்த காலத்தோடு ஒப்பிட்டால் 2013-14க்குள் பெட்ரோல் முகர்பவர்கள் எண்ணிக்கை 88 சதவீதம் குறைந்திருந்தது. அதற்குப் பிறகு வந்த ஆய்வில் இன்னும் குறைந்து 95 சதவீதத்தைத் தொட்டது. பொதுச் சுகாதாரத்தில் இப்படி ஒரு எண் அடிக்கடி கிடைக்காது.

ஓப்பலைக் கண்டுபிடித்தது மகளிர் கவுன்சில் அல்ல. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் பலருக்குப் பங்கு உண்டு. ஆனால் கிராமத்துக்கு மட்டும் கொடுத்தால் போதாது, சுற்றுவட்டாரம் முழுக்க வேண்டும் என்று விடாமல் நின்றது, ராத்திரி பிள்ளையைத் தேடி டார்ச் எடுத்துக்கொண்டு அலைந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். அந்தப் பிள்ளை பெட்ரோலை எங்கிருந்து எடுத்து வந்தான் என்பது கான்பராவில் இருக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

கோடுகளைத் தாண்டி

முன்னால் சொன்ன கோடுகளுக்கு வருவோம். தெற்கு ஆஸ்திரேலியாவில் மனைவியை அடித்தவன் வண்டியை எடுத்துக்கொண்டு வட பிரதேசத்துக்குள் போய்விட்டால், அங்கே வேறு போலீஸ், வேறு கோர்ட். அடிபட்டவள் வாங்கின பாதுகாப்பு உத்தரவு வெறும் காகிதம். மகளிர் கவுன்சில் 1994இலேயே குடும்ப வன்முறைக்கென்று தனிச் சேவை தொடங்கியது. அதில் வேலை செய்தவர்கள் இந்தக் கோட்டு விவகாரத்தைத் தினமும் பார்த்தார்கள். மூன்று அரசுகளும் சேர்ந்து செயல்பட வேண்டும் என்று தொடர்ந்து வலியுறுத்தினார்கள். 2009இல் எல்லை தாண்டிய நீதித் திட்டம் அமலுக்கு வந்தது. ஒரு பகுதியின் போலீசும் நீதிமன்றமும் அடுத்த பகுதியிலும் செயல்பட வழி பிறந்தது.

மூன்று அரசுகளுக்கும் தோன்றாதது இவர்களுக்கு ஏன் தோன்றியது? அரசாங்கத்தின் வரைபடத்தில் அந்த இடம் மூன்று துண்டு. அவர்கள் மனசில் அது ஒரே ஊர்.

புல்லில் ஒரு டொயோட்டா

சம்பாத்தியம் இல்லாமல் முன்னேற்றம் எங்கே? 1995இல் சில கூடை பின்னும் பயிற்சி வகுப்புகளில் தொடங்கியது ட்ஜன்பி என்கிற திட்டம். ட்ஜன்பி என்றால் காய்ந்த புல். பாலைவனத்தில் மூலப்பொருள் இலவசம், கைவேலை காலங்காலமாகத் தெரிந்தது. புல்லும் கம்பளி நூலும் ராஃபியாவும் சேர்த்துக் கூடை, பொம்மை, சிற்பம் என்று செய்கிறார்கள். 400க்கும் அதிகமான பெண்கள் இதில் இருக்கிறார்கள். செய்ததை அங்கேயே காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். விற்குமா விற்காதா என்ற ரிஸ்க் நிறுவனத்துடையது, பின்னிய அம்மாளுடையது அல்ல. ஒர்க்கிங் கேப்பிட்டல் பாடத்துக்கு நல்ல உதாரணம்.

2005இல் பிளாக்ஸ்டோன் என்ற சிறிய ஊரின் பெண்கள் சேர்ந்து ஒரு டொயோட்டா வண்டியை நிஜ அளவில் புல்லாலேயே பின்னினார்கள். ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் கலைக்கான மிகப் பெரிய தேசிய விருது அந்த வருஷம் அதற்குத்தான். அந்த நிலத்தில் டொயோட்டா இல்லாமல் வாழ்க்கையே இல்லை என்று தெரிந்தவர்களுக்கு அந்த நகைச்சுவை புரியும்.

யார் இந்த மனிதர்கள்?

இவ்வளவு சொல்லிவிட்டு, நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் பெயரே வரவில்லையே என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. அணங்கு வழக்கத்தில் இறந்தவர் பெயரைத் துக்கக் காலத்தில் சொல்லமாட்டார்கள். அதே பெயர் உயிரோடு இருக்கும் வேறு யாருக்காவது இருந்தால் அவரையும் குன்மநாரா என்ற பொதுப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். முதல் தலைமுறைத் தலைவிகளில் பலர் இப்போது இல்லை. அதனால் அவர்கள் பெயர்களை இங்கே விட்டிருப்பது மரியாதைக்காகத்தான்.

வேலை செய்கிற முறைக்கு அவர்களிடம் ஒரு சொல் உண்டு, மல்பராரா. மல்பா என்றால் துணை. ஒரு அணங்கு ஊழியரும் வெளியிலிருந்து வந்த ஒரு ஊழியரும் ஜோடியாக வேலை செய்வார்கள். ஒருவருக்கு மொழியும் உறவுமுறையும் ஊரும் தெரியும். இன்னொருவருக்கு ஃபாரமும் ஃபைலும் அரசு அலுவலகமும் தெரியும். யாரும் யாருக்கும் அசிஸ்டென்ட் இல்லை.

இதே புத்திதான் ஙங்காரி எனப்படும் பாரம்பரிய வைத்தியர்கள் விஷயத்திலும். மருத்துவமனைக்கு எதிராக அல்ல, மருத்துவமனையோடு சேர்ந்து அவர்களை வேலை செய்ய வைத்தது கவுன்சில். 2011இல் சிட்னியில் நடந்த உலக உளச்சிகிச்சை மாநாட்டில் அவர்களுக்கு சிக்மண்ட் ஃப்ராய்ட் விருது கிடைத்தது. நிர்வாகத்துக்கும் அங்கீகாரம் வந்தது. கவுன்சிலின் தலைமை நிர்வாகியாக இருந்த ஆண்ட்ரியா மேசன் என்ற பூர்வகுடிப் பெண்மணி 2016இல் ஆஸ்திரேலியாவின் சிறந்த தொழில்துறைப் பெண்ணுக்கான டெல்ஸ்ட்ரா விருதை வாங்கினார். லாபமே நோக்கமில்லாத பாலைவன அமைப்பிலிருந்து!

காசு யார் கையில்?

இனி கசப்பான பகுதி. ட்ஜன்பியில் வியாபாரம் நடந்தாலும், கவுன்சிலின் வருமானத்தில் பெரும்பகுதி அரசு மானியம். மானியம் என்றால் ஒப்பந்தம், காலக்கெடு, ரிப்போர்ட், மறுபடியும் விண்ணப்பம். 2014இல் மத்திய அரசு 150க்கும் மேற்பட்ட பூர்வகுடித் திட்டங்களை ஐந்து தலைப்புக்குள் அடைத்தது. கூடவே ஐந்து வருஷத்தில் 534 மில்லியன் டாலர் குறைப்பு. தங்கள் ஊரில் பல வருஷம் உழைத்த அமைப்புகள், நகரத்துப் பெரிய நிறுவனங்களோடு போட்டி போட்டு விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. அந்த மானிய நிர்வாகம் தரமாக நடக்கவில்லை என்று 2017இல் தேசியத் தணிக்கை அலுவலகமே எழுதியது.

எதிர்க்கருத்தும் உண்டு. அரசு காசில் நடப்பது எப்படி மக்களுடைய நிறுவனம் ஆகும்? இன்னும் அங்கே வன்முறையும் வறுமையும் இருக்கிறதே, நாற்பது வருஷத்தில் என்ன கிழித்தார்கள்? இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

முதல் கேள்விக்குப் பதில்: காசு எங்கிருந்து வருகிறது என்பதும் முடிவு யார் எடுக்கிறார் என்பதும் வேறு வேறு. லிஸ்டட் கம்பெனியில் காசு பொதுமக்களுடையது, முடிவு போர்டுடையது. இங்கேயும் அப்படித்தான். போர்டில் உட்கார்ந்திருப்பது யார் என்பதுதான் வித்தியாசம். இரண்டாவது கேள்விக்கு: எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர்களே சொல்லவில்லை. ஆனால் சரியான இடங்களைத் தேடிப் பார்த்தால், அங்கே பிரச்சினையோடு வாழ்ந்தவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். இதற்கு நேர்மாறான உதாரணம் 2007. வட பிரதேசக் கிராமங்களுக்குள் அரசு ராணுவத்தின் துணையோடு அவசரத் தலையீடு என்று இறங்கியது. இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே அதற்காக நிறுத்தி வைத்தார்கள். கிராமத்தாரைக் கேட்டுத் தொடங்கிய திட்டம் அல்ல அது. அது விட்டுப்போன அவநம்பிக்கை இன்னும் பேசப்படுகிறது.

2017இல் நாடு முழுவதிலுமிருந்து பூர்வகுடிப் பிரதிநிதிகள் உலூருவில் கூடி, எங்களைப் பற்றிய சட்டங்களில் எங்கள் குரலும் கேட்கப்பட வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். 1980இல் அதே நிலத்துப் பெண்கள் கேட்டதும் ஏறத்தாழ இதுதான். 2023 அக்டோபர் 14 அன்று நடந்த வாக்கெடுப்பில் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பூர்வகுடிகளிலும் எதிர்த்தவர்கள் உண்டு. அலைஸ் ஸ்பிரிங்ஸைச் சேர்ந்த செனட்டர் ஜெசிந்தா பிரைஸ்தான் எதிர்ப்பின் முக்கிய முகம். இனத்தின் பெயரில் நாட்டைப் பிரிக்கக் கூடாது, நடைமுறைப் பலன்தான் முக்கியம் என்பது அவர் வாதம். பலன்தான் முக்கியம் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் பலன் எப்படி வந்தது என்று பார்த்தால் பெட்ரோல் கதை மறுபடியும் அதே இடத்துக்குத்தான் கொண்டுவந்து விடுகிறது. கேட்டதால்தான் வந்தது. வாக்குச் சாவடியில் 'வேண்டாம்' ஜெயித்தாலும், அந்தப் பாலைவனக் கிராமங்களுக்குப் போன நடமாடும் வாக்குச் சாவடிகள் பலவற்றில் 'வேண்டும்' என்பதே அதிகம் விழுந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பூர்வகுடிகள் நடத்தும் அமைப்புகளை வலுப்படுத்துவோம் என்று 2020இல் எல்லா அரசுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. 2024இல் உற்பத்தித்திறன் ஆணையம் ஆராய்ந்துவிட்டு, சொன்னபடி அரசுகள் போதுமான அளவு மாறவில்லை என்றது. கையெழுத்துப் போடுவது சுலபம். கையிலிருக்கிற பேனாவைக் கொடுப்பதுதான் கஷ்டம்.

நாளைக்கு நம்மில் பலர் வங்கியிலோ ஆடிட் அலுவலகத்திலோ சிஎஸ்ஆர் பிரிவிலோ உட்காரப் போகிறோம். ஏதோ ஒரு சமூக முன்னேற்ற நிறுவனத்தின் ஆண்டறிக்கை மேசைக்கு வரும். எல்லாரும் வரவு செலவுப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். அதற்கு முன்னால் டைரக்டர்கள் பட்டியல் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். எந்த மக்களுக்காக அந்தக் காசோ, அந்த மக்களில் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பூஜ்யம் என்றால், மற்ற பக்கங்களை இன்னும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்கலாம்.